வணிகருக்கு எழுத்தாளர் எதற்கு?

தீபாவளி நெருங்கினால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கூடுதல் வேலையொன்று வந்து சேர்வது வழக்கம். பலகாரம் விற்பவர், தையற்கடை வைத்திருப்பவர், கேட்டரிங் நடத்துபவர் எனப் பெற்றோரில் சிலர் அணுகி, "சார், கடைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்களேன்" என்பார்கள். அச்சகத்துக்குப் பணம் உண்டு. தாளுக்குப் பணம் உண்டு. எழுத்துக்கு மட்டும் நன்றி உண்டு! எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் எழுதிவிடலாம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வணிகர்களும் இவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் எவ்வாறு மாறத் தொடங்கியது என்பது ஆசிரியர்களும் பெற்றோரும் அறியத்தக்க வரலாறு.

அந்நாளில் அமெரிக்காவில் விளம்பர முகவர்கள் இருந்தனர். ஆயினும் அவர்கள் விற்றது நாளிதழின் வெற்றிடத்தை மட்டுமே. அவ்விடத்தில் என்ன எழுதுவது என்பது கடைக்காரரின் பாடு. அவர் சரக்குப் பட்டியலை அப்படியே எழுதுவார். அல்லது 'உலகிலேயே சிறந்தது' என்று முழங்குவார். அடுத்த கடைக்காரரும் அதையே முழங்குவார். படிப்பவர் இருவரையும் நம்பமாட்டார்.

பிலடெல்பியா நகரில் ஜான் வானமேக்கர் என்ற வணிகர் இருந்தார். பழைய இரயில் சரக்கு நிலையம் ஒன்றை வாங்கி, 1876ஆம் ஆண்டில் அதனை மாபெரும் கடையாக மாற்றியவர் அவர். பேரம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை, பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்பன அவர் கடையின் நெறிகள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரம் நடக்கும் கடையில் விளம்பரம் என்ன சொன்னாலும் முடிவு கல்லாவருகில்தான் ஏற்படும். ஒரே விலைக் கடையிலோ, வாடிக்கையாளர் வீட்டில் நாளிதழைப் படிக்கும்போதே பாதி முடிவு செய்துவிடுகிறார். ஆகவே, அச்சிட்ட சொல் நம்பத்தக்கதாக இருந்தே ஆக வேண்டும். வானமேக்கருக்கு எழுத்தாளர் தேவைப்பட்டதற்கு இதுவே அடிப்படை என்பது என் கருத்து.

1880ஆம் ஆண்டில் அவர் ஜான் பவர்ஸ் என்பவரை முழுநேர ஊழியராக அமர்த்தினார். கடையின் விளம்பரங்களை எழுதுவதே அவர் வேலை. முழுநேர விளம்பர எழுத்தாளர்களுள் முதல்வர் என்று வரலாற்றாசிரியர் பலரும் இவரையே குறிப்பிடுகின்றனர். இலண்டனில் தையல் இயந்திர விற்பனையில் ஈடுபட்டவர். கவிஞரோ புலவரோ அல்லர். அவர் எழுதியவற்றில் படம் இராது. பெரிய எழுத்துகளின் ஆரவாரம் இராது. புத்தகத்தில் காணும் சாதாரண எழுத்துருவில், சின்னச் சின்ன வாக்கியங்களில், பக்கத்து வீட்டாரிடம் பேசுவதைப்போல எழுதினார். (நம் மாணவர்களின் கட்டுரைகளில் அடைமொழிகளுக்குத் தனியே புள்ளி வழங்கும் நாம் இவருக்கு எத்தனை புள்ளி கொடுத்திருப்போமோ!)

பவர்சைப் பற்றி விளம்பரத் துறையில் வழங்கும் கதைகள் சில உண்டு. ஒரு முறை, விலை குறைத்து விற்க வேண்டிய கழுத்துப்பட்டைகளைப் பற்றி எழுதும்படி கேட்டனர். அவை நல்லவைதாமா என்று பவர்ஸ் வினவினார். இல்லை என்று பதில் வந்தது. மறுநாள் விளம்பரத்தில், இவை பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு நல்லவை அல்ல, ஆனால் 25 காசு விலைக்குப் போதும் என்னும் பொருள்பட எழுதிவிட்டார். அத்தனையும் விற்றுப்போயின. இன்னொரு முறை, ரப்பர் துணிப் பிரிவின் பொறுப்பாளர், நைந்துபோன மழையங்கிகள் குவிந்து கிடக்கின்றன என்று தனியே சொன்னதை, அப்படியே நாளிதழில் போட்டார். பொறுப்பாளர் கொதித்துப் போனார். அவர் கோபம் தணியுமுன் சரக்குத் தீர்ந்துவிட்டதாம்.

இக்கதைகளில் மெருகு ஏறியிருக்கலாம். ஆயினும் அவற்றின் உட்பொருள் விளங்குகிறது. குறையைக் குறையென்று ஒப்புக்கொள்ளும் கடை, நல்லதை நல்லதென்று சொல்லும்போது மக்கள் நம்புவர். கடையிலிருந்த எவராலும் அவ்வாறு எழுத முடிந்திருக்காது. சரக்கை வாங்கி வைத்தவருக்கு அது மானப் பிரச்சினை. முதலாளிக்குப் பெயர் கெடுமோ என்ற அச்சம். சரக்கின்மேல் பற்றில்லாத ஒருவரால்தான் வாங்குபவரின் கண்ணால் அதனைப் பார்க்க முடிந்தது. வானமேக்கர் சம்பளம் கொடுத்து வாங்கியது சொல்வளத்தை மட்டுமன்று, இந்தக் கண்ணையும்தான்.

பவர்ஸ் பணியாற்றிய காலத்தில் கடையின் ஆண்டு விற்பனை 40 இலட்சம் டாலரிலிருந்து 80 இலட்சம் டாலராக உயர்ந்தது என்பர். அதனை முழுவதும் எழுத்தின் கணக்கிலே வரவு வைப்பது நேர்மையாகாது. கடையும் விரிந்துகொண்டிருந்தது, நகரமும் வளர்ந்துகொண்டிருந்தது.

இருப்பினும் முதலாளிக்கும் எழுத்தாளருக்கும் ஒத்துப்போகவில்லை. பவர்ஸ் தம் எழுத்தில் பிறர் கைவைக்கப் பொறுக்காதவர். முரட்டுச் சுபாவம் உடையவர். வானமேக்கர் அவரை 1883இல் நீக்கினார். 1884இல் மீண்டும் அழைத்துக்கொண்டார். 1886இல் மறுபடியும் நீக்கினார். ஒரு முறை நீக்கியவரை வணிகர் ஒருவர் மீண்டும் அழைக்கிறார் என்றால் அவ்வேலையின் பயனை உணர்ந்திருந்தார் என்றுதானே பொருள்? பிறகு பவர்ஸ் பல நிறுவனங்களுக்கு எழுதினார். நாளொன்றுக்கு 100 டாலர் வரை பெற்றார் என்பர்.

பிட்ஸ்பர்க் நகரில் திவாலாகும் நிலையிலிருந்த ஓர் ஆடைக்கடை அவரை அழைத்தது. உண்மையைச் சொல்வதொன்றே வழி என்றார் அவர். கட்ட முடியாத கடன் 125,000 டாலர் உள்ளது. இதைப் படித்ததும் கடன் கொடுத்தவர்கள் வந்து நெருக்குவார்கள். நாளை நீங்கள் வந்து வாங்கினால் பிழைப்போம், இல்லையேல் மூழ்குவோம் என்று விளம்பரம் வெளிவந்தது. மக்கள் திரண்டு வந்தனர், கடை தப்பியது. இதனைப் பதிவு செய்தவர், அடுத்த தலைமுறையின் விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ். 1927இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவர் இதைக் கூறுகிறார்.

அதே நூலில் ஹாப்கின்ஸ் தம் அனுபவம் ஒன்றையும் சொல்கிறார். ஷ்லிட்ஸ் என்னும் பியர் நிறுவனம் அவரை எழுத அழைத்தது. (பியர் என்பதால் முகம் சுளிக்க வேண்டாம், பாடம் வேறு.) எல்லா நிறுவனங்களும் 'தூய்மை, தூய்மை' என்று கூவிக்கொண்டிருந்த காலம் அது. ஹாப்கின்ஸ் நேரே ஆலைக்குள் சென்றார். வடிகட்டிய காற்று நிறைந்த கண்ணாடி அறைகளையும், புட்டிகள் திரும்பத் திரும்பக் கழுவப்படுவதையும், மிக ஆழத்திலிருந்து நீர் எடுக்கப்படுவதையும் கண்டு வியந்தார். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளிலும் இதே முறைதான், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றனர் ஆலையினர். நாள்தோறும் பார்த்துப் பழகியதால் அது அவர்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஹாப்கின்ஸ் கண்டவற்றை அப்படியே எழுதினார். விற்பனையில் ஐந்தாம் இடத்திலிருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்குச் சமமாக வந்தது என்கிறார் அவர். அதே முறையில் பியர் வடித்த மற்ற நிறுவனங்கள் பின்னர் அதைச் சொல்லியிருந்தாலும், ஷ்லிட்சைப் பார்த்துச் சொன்னதாகவே இருந்திருக்கும்.