பதிவேட்டுக்கு வெளியே பிறந்தவர்கள்



நிலப்பட்டா இல்லாத, கோயில் கல்வெட்டில் இடம்பெறாத மக்கள் தங்கள் பாட்டன் பாட்டியின் பெயரை எங்கே தேடுவது? தலித் குடும்ப வரலாற்றை எழுத முனையும் எவரும் சந்திக்கும் முதல் கேள்வி இது. நமக்குக் கிடைக்கும் அரிய எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், அங்க அடையாளம் என ஆளுக்கு ஒரு வரி. சாதிக் கட்டத்தில் ‘பறையர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த ஏடுகளைப் புரட்டும் வாரிசுகள் ஓரிடத்தில் திகைத்து நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு கப்பலேறியவளுக்குக் கணவன் பெயர் இல்லை. கணவன் மனைவி என்று எழுதப்பட்ட இருவரின் மாவட்டமும் வேறு, சாதியும் வேறு. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் வெறுமை. பலர் அத்தோடு ஏட்டை மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாது என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த வெறுமைக்குக் காரணங்கள் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது ஆள்பிடிப்புக்கான விதி. தாலியறுத்தவர், கைவிடப்பட்டவர், பஞ்சத்தில் தனித்துவிடப்பட்டவர் எனத் தனியாகப் புறப்பட்ட பெண்கள் பலர். கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே சிலர் துணை தேடிக்கொண்டார்கள். தோட்டத்துக்குப் போன பின், கூலிகளுக்கென அரசு வைத்த ‘பாதுகாவலர்’ அலுவலகத்தில் பதிவானால்தான் சட்டத்தின் கண்ணில் அது திருமணம். உறவினர் முன் மஞ்சள் கயிறு கட்டி வாழ்ந்தவர்கள், பதிவில்லை என்றால் மணமாகாதவர்கள்.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். பாய் மரியம் என்ற பெண்ணின் வழக்கு அது. பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணம் செல்லாது என்றார். தென்னாப்பிரிக்க இந்திய மனைவியரில் பெரும்பாலோர் சட்டத்தின் முன் மனைவியர் அல்லாதவரானார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது. கூலிப் பெண்கள் நெடுங்காலம் சுமந்த பழி வணிகர் வீடுகளையும் எட்டியபோதுதான் அது ஊர்ப் பிரச்சினையாயிற்று. ட்ரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறைக் காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவ்வாண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களை ஏற்றது. ஒரே பெண், ஒரே வாழ்க்கை. ஒரு பேனா அவளை மனைவி இல்லை என்றது, இன்னொரு பேனா மனைவி என்றது.

நம் நாட்டில் அந்தப் பேனா இன்னும் பழையது. சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்கிறது மனு. ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் முறைதவறிப் பிறந்ததாக எழுதிவைத்த ஏடு அது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அம்பேத்கர் இதன் ஆணிவேரைத் தொட்டார். அகமணம்தான் சாதி, அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் என்றார். அப்படியானால், கைம்பெண்ணை வீட்டுக்குள் பூட்டாத சமூகங்கள் அந்த வேலிக்கு ஆபத்தானவை. பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு மறுமணம் செய்யும் வழக்கத்தை ‘அறுத்துக்கட்டுகிற சாதி’ என்று இழித்துப் பேசியதன் பொருள் இதுதான். அந்த வழக்கத்துக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 29(2) பிரிவில் இடமளிக்கிறது. வசவோ இன்னும் ஒழியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தகப்பன் பெயரில்லாத ஒவ்வொரு வரியையும் விடுதலைக் கதையாக்கிவிடக் கூடாது. சில வெறுமைகளுக்குப் பின்னால் பண்ணையாரும் மேஸ்திரியும் துரையும் இருக்கிறார்கள். விரும்பிச் சேர்ந்த வாழ்வையும் அதிகாரத்தின் வன்முறையையும் ஒரே சொல்லால் எழுதினால் இரண்டுக்கும் அநீதி. வெட்கம் உரியவனிடம் போய்ச் சேர வேண்டும்.

குடும்ப வரலாறு எழுதும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஏட்டில் ‘கணவன் இல்லை’ என்றிருந்தால், அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார், எந்தச் சட்டத்தின் கீழ் நிரப்பினார் என்று கேளுங்கள். வீட்டு முதியவர்கள் ‘சேர்ந்து இருந்தாங்க’, ‘கூட்டிக்கிட்டு வந்தாரு’ என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதுங்கள். ‘திருமணம்’ என்று திருத்தாதீர்கள். உயிரோடு இருப்பவர் பற்றிய செய்தியானால் அவர் சம்மதம் கேளுங்கள். கடல் தாண்டிப் பிள்ளை வளர்த்த அந்தப் பெண்களின் பெயர்களை நம் வம்சாவளியின் முதல் வரியில் எழுதுவோம். தகப்பன் பெயர் இல்லாவிட்டாலும் அது முழு வரிதான்.