மேவாரின் மானமும் குடிகளின் வரியும்

இராஜபுத்திர அரசுகளின் வரலாற்றை எழுதுவோர் மேவாரை மானத்தின் உறைவிடமாகப் போற்றுதல் மரபு. ஜேம்ஸ் டாட் 1829, 1832 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட இராஜஸ்தான வரலாறு இம்மரபினை உலகறியச் செய்தது. ஆங்கிலேயர் மேலாட்சியில் அம்மானம் எத்தன்மைத்தாய் இருந்தது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

மராத்தியர், பிண்டாரியர் ஆகியோரின் சூறையாடலால் நலிவுற்ற மகாராணா பீம்சிங், 1818 ஜனவரியில் கும்பினியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மகாராணா தம் நாட்டின் முழுவுரிமை வேந்தராகவே விளங்குவார் என்பது அதன் ஒரு விதி. முதல் ஐந்தாண்டுகளில் வருவாயில் நாலில் ஒரு பங்கும், அதன்பின் என்றென்றும் எட்டில் மூன்று பங்கும் திறையாக அளித்தல் வேண்டும் என்பது பிறிதொரு விதி. கும்பினியார் இசைவின்றிப் பிற அரசுகளோடு உறவு கொள்ளுதலும் விலக்கப்பெற்றது. இதனால் வெளிப்பகை பற்றிய அச்சம் நீங்கியது. குடிகளின் துணையை நாடவேண்டிய தேவையும் அதனோடு குன்றியது என யாம் கருதுகின்றோம்.

1903 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரண்டு இதற்குச் சான்றாவன. எட்வர்டு மன்னரின் முடிசூட்டினைக் கொண்டாடும் தில்லித் தர்பாருக்கு மகாராணா பதேசிங் புறப்பட்டார். அதுகண்டு உளம் நொந்த கேசரிசிங் பார்ஹட் என்னும் சாரணப் புலவர், டிங்கல் மொழியில் சோரட்டா யாப்பில் பதின்மூன்று பாடல்கள் இயற்றி அவருக்கு விடுத்தார். தில்லி சென்ற வேந்தர் தர்பாரில் அமராமலே மீண்டார். புலவர் சொல்லின் ஆற்றலுக்கு இஃது ஓர் அரிய எடுத்துக்காட்டு.

அதே ஆண்டில், மேவாருக்கு உட்பட்ட பிஜோலியா ஜாகீரில், உழவர் தம் மகளிர்க்கு மணம் முடிப்பதற்கும் வரி விதிக்கப்பெற்றது. அவர்கள் முன்னரே எண்பத்து நான்கு வகை வரிகளாலும், கூலியில்லா வெட்டியாலும் வருந்தியவர்கள். திருமணங்களையே நிறுத்திவைத்து அவர்கள் எதிர்த்தனர். 1916 முதல் விஜயசிங் பதிக் அவர்களை வழிநடத்தினார். 1922 இல் ஏற்பட்ட உடன்பாட்டால் முப்பத்தைந்து வரிகள் நீக்கப்பெற்றன. ஆயினும் ஜாகீர்தார் அவ்வுடன்பாட்டினைப் பேணினாரல்லர்.

இதற்கிடையில், 1921 இல் ஆங்கிலேயர் பதேசிங்கின் ஆட்சியதிகாரத்தை அவர் மைந்தர் பூபால்சிங்பால் மாற்றினர். பட்டம் மட்டும் தந்தையிடம் எஞ்சியது. முழுவுரிமை வேந்தர் என்னும் 1818 ஆம் ஆண்டு விதி அவரைக் காக்கவில்லை. அவருக்காக எழும் நிலையில் பிஜோலியாக் குடிகளும் இல்லை.

1948 ஏப்ரலில் மேவார் இராஜஸ்தான ஒன்றியத்தில் இணைந்தது. அதன் வரலாற்றை முழுமையாக அறிய விழைவோர் பதின்மூன்று பாடல்களோடு எண்பத்து நான்கு வரிகளையும் ஒருங்கே கற்றல் வேண்டும் என்பது எம் முடிபு.