லினக்சில் மடிக்கணினி மின் மேலாண்மை

லினக்சில் மடிக்கணினி மின் மேலாண்மை என்பது லினக்சு இயங்குதளம் நிறுவப்பட்ட மடிக்கணினியின் செயலி, திரை, வன்தட்டு முதலிய உறுப்புகளை, வேலையில்லாத வேளைகளில் மெதுவாக்கியோ உறங்கச் செய்தோ மின்கலத்தின் ஆற்றலைச் சேமிக்கும் முறையாகும். லினக்சு பின்பற்றும் யுனிக்சு, இடைவிடாது மின்சாரம் பெறும் கணினிகளில் வளர்ந்த இயங்குதளம் ஆகும். எனவே மின்கலச் சேமிப்புக்கான வசதிகள் பிற்காலத்திலேயே சேர்ந்தன. இவற்றில் ஒவ்வொரு சேமிப்புக்கும் வேகம், விழித்தெழும் நேரம், தரவின் பாதுகாப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சிறிதளவு விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

வரலாறு

1992 இல் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் ஏபிஎம் என்னும் தரத்தை வெளியிட்டன. இதில் முடிவுகளைப் பெரும்பாலும் பயாசே எடுத்தது. ஆனால் எந்த நிரல் இயங்குகிறது என்பதைப் பயாசு அறியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ தரம், அம்முடிவுகளை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. வன்பொருள் பற்றிய விவரங்களை உற்பத்தியாளர் அட்டவணைகளாகத் தருவார். லினக்சு கருனி அவற்றைப் படித்துச் செயற்படும். அட்டவணையில் பிழை இருப்பின் உறக்கமும் விழிப்பும் பிழைபடக்கூடும். 2013 முதல் இத்தரத்தை யூஇஎஃப்ஐ மன்றம் பராமரிக்கிறது.

செயலி

செயலியின் ஆற்றலை இரு வழிகளில் குறைக்கலாம். ஒன்று, வேலையின் அளவுக்கேற்ப அதன் வேகத்தைக் குறைத்தல். இதனைக் கருனியில் உள்ள ‘கவர்னர்’ எனப்படும் பகுதி கவனிக்கிறது. மற்றொன்று, வேலை இல்லாதபோது செயலியை ஆழ்ந்த ஓய்வுக்கு அனுப்புதல். வேலையை விரைவாக முடித்துவிட்டு ஓய்வெடுப்பது, மெதுவாக நெடுநேரம் இயங்குவதை விடப் பல வேளைகளில் சிக்கனமானது.

முற்காலக் கருனிகள் வேலை இல்லாதபோதும் சீரான கடிகாரத் துடிப்புகளால் செயலியை எழுப்பிக்கொண்டிருந்தன. 2.6 வரிசையின் தொடக்கப் பதிப்புகளில் இது நொடிக்கு 1000 முறை நிகழ்ந்தது. 2007 இல் வெளியான 2.6.21 பதிப்பு, ஓய்வின்போது தேவையற்ற துடிப்புகளைத் தவிர்க்கும் வசதியைக் கொணர்ந்தது. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்னும் கருவி, எந்தெந்த நிரல்கள் செயலியை அடிக்கடி எழுப்புகின்றன என்பதைப் பட்டியலிட்டது. பல நிரல்களின் குறைகள் இதனால் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டன.

உறக்க நிலைகள்

- நினைவக உறக்கம் (எஸ்3): நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் செல்லும். சில நொடிகளில் விழிக்கும். மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் சேமிக்கப்படாத தரவு அழியும்.
- வட்டு உறக்கம் (எஸ்4): நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பட்டுக் கணினி நிறுத்தப்படும். மின்கலம் தீர்ந்தாலும் தரவு அழியாது. விழிக்க அதிக நேரம் ஆகும். வட்டில் போதிய இடமாற்றுப் பகுதியும் தேவை.
- ஓய்வு உறக்கம்: நிரல்கள் உறையவைக்கப்பட்டு, உறுப்புகள் இயன்ற அளவு ஓய்வில் வைக்கப்படும். எஸ்3 நிலை இல்லாத புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இதுவே பயன்படுகிறது.

வன்தட்டு

சுழலும் வன்தட்டை அடிக்கடி நிறுத்தி இயக்காமல் இருக்க, 2004 இல் வெளியான 2.6.6 பதிப்பில் ‘லேப்டாப் மோட்’ சேர்க்கப்பட்டது. இது எழுத வேண்டிய தரவைத் தேக்கிவைத்து ஒரே முறையில் எழுதியது. அதற்குள் மின்சாரம் அற்றுப்போனால் ஏறத்தாழ 10 நிமிட வேலையை இழக்க நேரிடலாம் என அதன் ஆவணமே எச்சரித்தது. சுழலும் பாகமற்ற திண்மநிலை வட்டுகள் பரவிய பின் இதன் தேவை பெரிதும் குறைந்தது.

அமைக்கும் முறை

முதலில் பவர்டாப் மூலம், மின்கலத்தில் இயங்கும்போது ஆகும் மின்செலவை அளந்துகொள்ளுதல் நன்று. திரையின் ஒளியைக் குறைப்பதே எளிதான, பயன்மிக்க முதற்படியாகும். பின்னர் டிஎல்பி போன்ற நிரலை நிறுவினால், மின்இணைப்பு உள்ளபோதும் இல்லாதபோதும் வெவ்வேறு அமைப்புகளை அது தானாகவே நடைமுறைப்படுத்தும். இதே பணியைச் செய்யும் இரு நிரல்களை ஒருங்கே இயக்கினால் ஒன்றின் அமைப்பை மற்றொன்று மாற்றிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மீண்டும் அளந்தால்தான் பயன் விளைந்ததா என்பது தெரியும்.

மூடியை மூடும்போது கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை, சிஸ்டம்டி பயன்படுத்தும் வழங்கல்களில் லாகின்ட் என்னும் நிரலின் அமைப்புக் கோப்பில் குறிப்பிடலாம். வேறு எதுவும் குறிப்பிடாவிடில் கணினி உறங்கும்.

கவனிக்க வேண்டியவை

உறக்கத்தை நம்பும் முன், கோப்புகளைச் சேமித்துவிட்டுச் சிலமுறை உறங்கச் செய்து எழுப்பிப் பார்த்தல் வேண்டும். பாதுகாப்பான தொடக்கம் இயங்கும் கணினிகளில் பல வழங்கல்கள் வட்டு உறக்கத்தை அனுமதிப்பதில்லை. அத்தகைய கணினியை நீண்ட நேரம் உறங்கவிடுவதை விட, வேலையைச் சேமித்து முற்றாக நிறுத்துவதே பாதுகாப்பானது.