ஜகர்நாட் (ஆங்கிலச் சொல்)

ஜகர்நாட் என்பது, எதிர்ப்படும் அனைத்தையும் நசுக்கிக்கொண்டு, தடுக்க இயலாதவாறு முன்னேறும் ஆற்றலை அல்லது அமைப்பைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஆகும். ஒடிசா மாநிலத்தின் புரி நகரில் கோயில் கொண்டுள்ள ஜகந்நாதரின் பெயரே திரிந்து இச்சொல்லாயிற்று. தெய்வத்தின் திருப்பெயர் அழிவைச் சுட்டும் சொல்லாக மாறியதற்கு ஐரோப்பியப் பயணிகள் எழுதிய கதைகளே காரணம் ஆகும்.

சொற்பிறப்பு

ஜகத் (உலகம்), நாத (தலைவன்) என்னும் இரு வடசொற்கள் புணர்ந்து ஜகந்நாத என்றாகும். இதனை ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தவாறு எழுதியதால், எழுத்தில் ரகரம் புகுந்தது. இச்சொல்லின் ஈறு, விண்வெளி வீரரைக் குறிக்கும் அஸ்ட்ரோநாட் என்னும் சொல்லின் ஈற்றைப் போலவே எழுதப்படும். எனினும் அது மாலுமி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டிற்கும் தொடர்பில்லை.

தேரும் கதையும்

புரியில் ஆண்டுதோறும் ஆஷாட மாத வளர்பிறைத் துவிதியை நாளில் (ஜூன்-ஜூலை) தேர்த்திருவிழா நடைபெறுகிறது. தேர்கள் மூன்றும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மரத்தால் செய்யப்படுகின்றன. ஜகந்நாதரின் தேருக்கு 16 சக்கரங்களும், பலபத்திரரின் தேருக்கு 14 சக்கரங்களும், சுபத்திரையின் தேருக்கு 12 சக்கரங்களும் உண்டு. பக்தர்கள் வடம் பிடித்து இவற்றைச் சுமார் 3 கி.மீ. தொலைவிலுள்ள குண்டிச்சா கோயிலுக்கு இழுத்துச் செல்வர்.

பக்தர்கள் தேர்ச்சக்கரத்தின் கீழ் விழுந்து உயிர் விடுவதாக ஐரோப்பாவிற்கு முதலில் சொன்னவர்களுள் ஒருவர், 1320-களில் இந்தியா வந்த போர்தெனோனே ஓடோரிக் என்னும் பிரான்சிஸ்கன் துறவி ஆவார். இவரது குறிப்பு புரியைப் பற்றியது என்றே பலரும் எழுதுகின்றனர். ஆனால் அவர் குறிப்பிடுவது, தோமாவின் உடல் அடக்கம் செய்யப்பட்டதாகக் கூறும் மாபார் நாடு, அதாவது தமிழகத்தின் கிழக்குக் கரை ஆகும். மாண்டவில் பெயரால் வழங்கிய பயண நூல் இக்கதையை எடுத்தாண்டு மேலும் பரப்பியது. 1806இல் புரிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார், தாம் நேரில் கண்டதாக ஒரு சாவை விவரித்தார். அதன் பின்னரே ஜகந்நாதர் பெயர் இங்கிலாந்தில் கொடூரத்திற்கு ஒரு மறுபெயராயிற்று.

அதே நூற்றாண்டிலேயே இதற்கு மறுப்பும் எழுந்தது. ஒரிசாவில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஸ்டர்லிங், தாம் விழாவைக் கண்ட நான்கு ஆண்டுகளில் இத்தகைய நிகழ்வுகள் மூன்று மட்டுமே என்றும், அவற்றுள் ஒன்று விபத்தாக இருக்கலாம் என்றும், மற்ற இருவரும் தீரா நோயால் வாடியவர்கள் என்றும் எழுதினார். 1872இல் வில்லியம் ஹண்டர், திருமால் வழிபாட்டிற்கு இரத்தப் பலி முற்றிலும் புறம்பானது என்றும், சாவுகளில் பெரும்பாலானவை கூட்ட நெரிசலின் விளைவே என்றும் காட்டினார். மறுப்பு நூல்களில் தங்கிவிட்டது. பழியோ சொல்லில் தங்கிவிட்டது.

செய்திகளில் வழக்கு

உவமைப் பொருளில் இச்சொல் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. ஸ்டீவன்சனின் டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு கதையில் (1886), சிறுமியை மிதித்துச் செல்லும் ஹைடு இச்சொல்லால் வருணிக்கப்படுகிறான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் பெரிய சரக்கு லாரிகளுக்கும் இதுவே பெயராயிற்று. மார்வெல் படக்கதைகளில் 1965இல் தோன்றிய ஒரு வில்லனுக்கும் இப்பெயரே.

இன்றைய நாளிதழ்களில் தொடர்ந்து வெல்லும் விளையாட்டு அணி, தேர்தலில் மாநிலம் மாநிலமாக வெல்லும் கட்சி, போட்டியாளர்களை விழுங்கும் நிறுவனம் ஆகியவற்றை இச்சொல் குறிக்கும். உருளுதல், நிறுத்தப்படுதல் போன்ற தேருக்குரிய வினைகளே இதனுடன் பெரும்பாலும் வரும். அணியைப் பற்றி வரும்போது பாராட்டாகவும், போர் இயந்திரத்தைப் பற்றி வரும்போது அச்சமாகவும் பொருள்படும் என்பதால், சூழலைக் கொண்டே பொருள் கொள்ள வேண்டும். இறைவனைக் குறிக்க இந்திய ஆங்கில இதழ்கள் ஜகந்நாத் என்ற வடிவத்தையே எழுதுகின்றன. தமிழில் இதற்கு நிகரான ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை.