12 மாதம் உயிரோடிருக்க வேண்டிய கொடையாளர்: 118ஆம் பிரிவின் வரலாறு

நெருங்கிய உறவினர் உள்ள ஓர் இந்தியக் கிறிஸ்தவர், இறப்பதற்கு முந்தைய நாள் தம் சொத்து முழுவதையும் நண்பர் ஒருவருக்கு உயில் எழுதிவைக்கலாம். அதே சொத்தை ஓர் அநாதை இல்லத்துக்கு எழுதிவைத்தால் அது செல்லாது. 2003 வரை நம் நாட்டில் சட்டம் இவ்வாறே இருந்தது.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவே இதற்குக் காரணம். உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ உயில்வழிக் கொடை அளிக்க விரும்பினால், உயில் எழுதியபின் குறைந்தது 12 மாதங்கள் உயிர்வாழ்ந்திருக்க வேண்டும். எழுதிய 6 மாதங்களுக்குள் அவ்வுயிலைச் சட்டம் ஏற்படுத்திய பாதுகாப்பிடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இப்பிரிவு பொருந்தாது. பார்சிகள் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விலக்குப் பெற்றனர்.

இந்த 12 மாதக் கணக்கு இந்திய மண்ணில் பிறந்ததன்று. 1736இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், மரணப்படுக்கையில் இருப்போர் வாரிசுகளைக் கைவிட்டு நிலத்தை அறநிறுவனங்களுக்கு எழுதிவைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. நிலக்கொடைப் பத்திரம் இறப்புக்கு 12 மாதங்கள் முன்னரே எழுதப்பட வேண்டும், 6 மாதங்களுக்குள் நீதிமன்றப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றது அச்சட்டம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றுக்கு விலக்களித்தது. அதன் சாயலே 1865ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 105ஆம் பிரிவாகி, பின்னர் 118ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. இங்கிலாந்தின் அச்சம் நிலத்தைப் பற்றியது. இந்தியச் சட்டமோ பணம், நகை உள்ளிட்ட எல்லாச் சொத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்து 1891இல் தன் தடையைத் தளர்த்தி, 1960இல் முற்றிலும் நீக்கிவிட்டது. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற நகல் மட்டும் இங்கே எஞ்சி நின்றது.

இத்தடை யாரைக் காத்தது என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. வாரிசுகளை எனில், நண்பருக்கு எழுதும் உயிலையும் தடுத்திருக்க வேண்டும். வற்புறுத்தலுக்கு ஆளாகும் நோயாளியை எனில், வஞ்சகத்தாலோ நெருக்குதலாலோ பெற்ற உயில் செல்லாது என்று அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு முன்பே சொல்லிவிட்டது. ஒரே நாளில் ஒரே வகை உயில் எழுதிய இருவருள் ஒருவர் 11ஆம் மாதத்திலும் மற்றவர் 13ஆம் மாதத்திலும் இறந்தால், முன்னவரின் கொடை மட்டும் வீணாகும். மனத்தெளிவை ஆராய வேண்டிய இடத்தில் சட்டம் நாட்காட்டியைப் பார்த்தது.

ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவு அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது எனக் கூறி அதனைச் செல்லாததாக்கியது. பொது உரிமையியல் சட்டம் குறித்து அத்தீர்ப்பில் இடம்பெற்ற கருத்தே பெரிதும் விவாதிக்கப்பட்டது; வழக்கின் மையப்பொருளான கொடை உரிமை அந்த விவாதத்தில் மறைந்துபோனது. ஒருவர் தம் வாழ்வின் இறுதி விருப்பமாக அறம் செய்வதை அரசு எந்த அளவுக்கு ஐயுறலாம் என்பதே அங்கு உண்மையில் தீர்க்கப்பட்ட கேள்வி. அத்தீர்ப்பை அந்தக் கோணத்தில் மீண்டும் வாசித்தல் நலம்.