தீவிரத்தை அளந்த மதிப்பெண்கள்: குறைமாதக் குழந்தைகளின் குருதித்தொற்று குறித்த ஒரு வரலாற்று நோக்கு

தாம்பரத்தின் மருத்துவ வரலாறு என்றதும் 1928இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையே நினைவுக்கு வரும். தொடர்வண்டி நிலையம் ஒன்றுக்கே அது ‘சானடோரியம்’ என்று பெயர் தந்தது. மகப்பேற்று மருத்துவத்தின் பெருநிலையங்களோ இவ்வூருக்கு இருபுறமும் அமைந்தன. வடக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் 1844இல் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் 1965இல் தொடங்கப்பெற்ற செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி. இடைப்பட்ட புறநகரில் ஒரு குறைமாதக் குழந்தை பால் குடிக்காமல் துவளும்போது எழும் வினா ஒன்றே: இங்கேயே வைத்துப் பார்ப்பதா, அனுப்பிவிடுவதா? தீவிர அளவைகளின் வரலாற்றை இவ்வினாவைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.

செப்சிஸ் எனப்படும் குருதித்தொற்று இக்குழந்தைகளிடம் மறைந்தே வரும். காய்ச்சலுக்கு மாறாக உடல் குளிரலாம். மூச்சு இடையிடையே நிற்கலாம். குருதியில் கிருமியை வளர்த்தறியும் சோதனைக்கு ஓரிரு நாள்கள் தேவை. தொற்றிருந்தும் கிருமி வளராமற் போவதுண்டு. ஆகவே ஐயநிலையிலேயே தீவிரத்தைக் கணிக்க நேர்கிறது.

வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட அளவை பிறந்தவுடன் உள்ள நிலைக்குரியது. 1993இல் அமெரிக்காவில் ‘ஸ்நாப்’ அளவையும் பிரிட்டனில் ‘கிரிப்’ அளவையும் வெளிவந்தன. மருத்துவமனைகளின் இறப்பு வீதங்களை நேர்மையாக ஒப்பிடுவது இவற்றின் முதன்மையான பயன். அருகில் நின்று முடிவெடுப்பவருக்காக இவை எழுந்தன என்று கூறவியலாது. ‘ஸ்நாப்’ அளவையின் 34 கூறுகள் 2001இல் ஆறாகச் சுருங்கின. எனினும் குருதியின் அமிலநிலை, ஆக்சிசன் அளவு ஆகியவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். முதல் 12 மணிநேரத் தரவும் வேண்டும். சண்டிகர் ஆய்வாளர்கள் 2009இல் இதனைக் கடும் குருதித்தொற்றுக்குப் பயன்படுத்தி, இறந்த குழந்தைகளின் மதிப்பெண் மிக உயர்ந்திருந்ததைக் காட்டினர்.

2020இல் வெளியான ‘என்-சோஃபா’ அளவை தனித்து ஆராயத்தக்கது. மூச்சு, இதயச் சுற்றோட்டம், குருதித் தட்டணுக்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 0 முதல் 15 வரை மதிப்பெண். ஆனால் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்படாத குழந்தைக்கு மூச்சுக்கூறில் சுழியமே. குருதியழுத்தம் தாங்கும் மருந்து தரப்படாவிடில் சுற்றோட்டத்திலும் பெரும்பாலும் அவ்வாறே. கருவியில்லா இடத்தில் மூச்சுத் திணறும் குழந்தை, தாளில் நலமாகத் தோன்றும். இவ்வளவை நோயோடு, கிடைத்த சிகிச்சையையும் சேர்த்தே அளக்கிறது.

இதற்கு இணையாக இந்தியாவில் வேறொரு மரபு வளர்ந்தது. கட்சிரோலியின் 39 சிற்றூர்களில் பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் கண்ணாலும் கையாலும் குறிகளை அறிந்து குருதித்தொற்றுக்கு மருந்தளித்ததை அபய் பங் குழுவினர் 1999இல் பதிவுசெய்தனர். இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளின் 19 மருத்துவமனைகளில் 3,204 குழந்தைகளைக் கொண்டு 2023இல் வெளியான ‘நியோசெப்’ அளவையில் இவ்விரு மரபுகளும் ஓரளவு சந்திக்கின்றன. பிறப்பெடை, கருக்காலம் ஆகியவற்றோடு பாலுண்ணத் தடுமாறல், அசைவின்மை, வயிற்று உப்புசம், உடல்வெப்ப மாறுபாடு ஆகியவையும் அதில் மதிப்பெண் பெறுகின்றன. இவற்றை எடைக்கருவியும் வெப்பமானியும் உள்ள எந்தப் புறநகர் மருத்துவமனையிலும், வண்டி ஏற்றுமுன், கணிக்கலாம். மூச்சுக்கு அளிக்கப்பட்ட துணை மட்டும் இதிலும் ஒரு கூறாகவே நீடிக்கிறது.