மூன்று வாரத் தடை: செர்னோபிலுக்குப் பின் பிரிட்டன் மலைச் செம்மறிகளில் தங்கிய சீசியம்

1957 அக்டோபர் 10 அன்று வடமேற்கு இங்கிலாந்துக் கடற்கரையில் விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்தபோது, அதிகாரிகள் அஞ்சியது பாலுக்குத்தான். புல்லில் படியும் அயோடின்-131 பசுவின் மடி வழியாகக் குழந்தையின் தைராய்டுச் சுரப்பியைச் சென்றடையும். ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பாலை விற்கவிடாமல் கொட்டச் செய்தார்கள். அயோடினின் அரைவாழ்வு 8 நாளே என்பதால் சில வாரங்களில் அந்தத் தடை விலகியது. சீசியம்-137 அப்படிப்பட்டதல்ல. அதன் அரைவாழ்வு 30 ஆண்டு.

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் உலை வெடித்தது. அதன் மாசு சுமந்த காற்று மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டனை எட்டிய வேளையில், கம்பிரியா, வடக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளில் கனமழை பெய்தது. காற்று எவ்வழி போனது என்பதைவிட மழை எங்கே பெய்தது என்பதே அங்குள்ள ஆட்டுக்காரர்களின் தலைவிதியைத் தீர்மானித்தது. ஜூன் 20 முதல், கிலோவுக்கு 1000 பெக்கரலுக்கு மேல் கதிரியக்கம் உள்ள இறைச்சி சந்தைக்குப் போகாதபடி, அப்பகுதிச் செம்மறிகளை இடம்பெயர்க்கவும் அறுக்கவும் தடை விதிக்கப்பட்டது. மூன்று வாரம் பொறுத்தால் போதும் என்றார்கள். தடை வளையத்துக்குள் வந்தவை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள்.

மூன்று வாரக் கணக்கு ஆட்டின் உடலைப் பொறுத்தவரை தவறில்லை. சுத்தமான தீவனம் கிடைத்தால் ஆடு தன் தசையில் உள்ள சீசியத்தைச் சில வாரங்களில் பெருமளவு கழித்துவிடும். கணக்கு பிசகியது மண்ணில். தாழ்நிலக் களிமண்ணில் உள்ள கனிமத் தகடுகள் சீசியத்தை இடுக்கில் சிக்கவைத்து வேருக்கு எட்டாமல் பூட்டிவிடும். மலையுச்சியில் இருப்பதோ மட்கிய தாவரங்களாலான பீட் மண்: புளிப்பானது, களி குறைந்தது, பொட்டாசியச் சத்து அற்றது. வேதியியலில் சீசியம் பொட்டாசியத்தின் உறவு. பொட்டாசியத்துக்கு ஏங்கும் வேர் சீசியத்தை இழுத்துக்கொள்கிறது. ஆடு புல்லை மேய்கிறது, புழுக்கையிலும் மூத்திரத்திலும் சீசியம் மண்ணுக்குத் திரும்புகிறது, மறுபருவம் மீண்டும் புல்லில் ஏறுகிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது, நிலத்தை அறிந்தவர்களின் பேச்சு எடுபடாமல் போனதுதான். கம்பிரியா ஆட்டுக்காரர்களிடம் ஆய்வு செய்த சமூகவியலாளர் பிரையன் வின் இதைப் பதிவு செய்திருக்கிறார். பென்டோனைட் களிமண் சீசியத்தைப் பூட்டுகிறதா என்று தூவிப் பார்ப்பதற்காக அறிவியலாளர்கள் ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்தால் மெலியும் என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தக் காரணத்தாலேயே சோதனை கைவிடப்பட்டது. பக்கத்திலிருந்த செல்லஃபீல்டு அணு வளாகத்தின் மீதும் (பழைய விண்ட்ஸ்கேல்தான் அது) அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. அதைச் சோதிக்க வழியும் உண்டு. சீசியம்-134இன் அரைவாழ்வு 2 ஆண்டே; ஆகவே அது கலந்திருந்தால் புதிய மாசு, 137 மட்டும் இருந்தால் பழையது. அளந்தபோது, மலைச் சீசியத்தில் ஒரு பகுதி செர்னோபிலுக்கு முந்தியது என்றே தெரிந்தது.

தடைப் பகுதியிலிருந்து ஆட்டை வெளியே விற்க வேண்டுமானால், முதலில் பட்டியில் மடக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடித்து, அசையாமல் நிறுத்தி, பின்தொடையில் கருவியை அழுத்திக் கதிரியக்க அளவைப் பார்ப்பார்கள். அளவு மீறியதற்குச் சாயம் பூசுவார்கள். அது அறுப்புக்குப் போகாது, தாழ்வான மேய்ச்சலுக்கு இறக்கிச் சீசியம் கழியக் காத்திருக்க வேண்டும். இந்தப் பாட்டுக்கு ஆடு ஒன்றுக்கு 1.30 பவுண்டு கொடுத்தார்கள். மலையில் மந்தை திரட்டும் கூலிக்கு அது எந்த மூலைக்கு?

நார்வேயில் வேறு வழி கண்டார்கள். குடலிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும் பிரஷ்ய நீலம் என்ற நிறமியை உப்புக்கட்டியிலும் விழுங்கும் உருண்டையிலும் சேர்த்துக் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள். அங்கும் காளான் மிகுதியாக முளைத்த 1988இல் ஆடுகளில் சீசியம் மறுபடி ஏறியது. காளான் சீசியத்தைத் திரட்டி வைப்பதில் புல்லை மிஞ்சியது.

பிரிட்டனில் கடைசியாக வடக்கு வேல்ஸில் 300க்குச் சற்று மேற்பட்ட பண்ணைகளும் கம்பிரியாவில் 8 பண்ணைகளும் எஞ்சின. 2012 ஜூன் 1 அன்று அவற்றின் மீதான கட்டுப்பாடும் நீங்கியது. இறைச்சி உண்போருக்கு ஆபத்து மிகக் குறைவு என்று உணவுத் தர முகமை மதிப்பிட்டதே அதற்குக் காரணம். 1986இல் விழுந்த சீசியம்-137இன் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அன்றும் சிதையாமல்தான் இருந்தது.